வழிகாட்டியோடு ஒரு நாள் பனிச்சறுக்கு: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

மலையில் ஒரு நாள் முழுக்க வழிகாட்டியோடு ஸ்கீயோ ஸ்னோபோர்டோ ஓட்டப் போகிறவர்கள் முந்தின நாள் ராத்திரி வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். குழுக்களைக் கூட்டிப் போகிற எனக்கு அதில் பாதி மனப்பாடம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

வழிகாட்டியும் பயிற்றுநரும் ஒன்றுதானா?

இல்லை. பயிற்றுநர் உங்கள் காலைப் பார்ப்பார், வழிகாட்டி மலையைப் பார்ப்பார். எப்படித் திரும்புவது, எப்படி நிறுத்துவது என்று சொல்லித் தருவது பயிற்றுநர் வேலை. எந்தச் சரிவில் இன்றைக்குப் பனி நன்றாக இருக்கும், எது காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்து பதினோரு மணிக்கு மேல் இளகும், காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பார்த்துக் கூட்டிப் போவது வழிகாட்டி வேலை. இரண்டுக்கும் சான்றிதழ் வேறு வேறு. மலை வழிகாட்டிகள் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1965-இல் தொடங்கியது. அதன் வில்லையை அணிந்தவர் பாறையேற்றம், உயர்மலை ஏற்றம், ஸ்கீ மூன்றிலும் பல வருடம் பயின்று தேறியவர். சீர்செய்த தடங்களுக்குள் சுற்றுவதற்கு அவ்வளவு தேவையில்லை. தடத்துக்கு வெளியே போவதானால் தகுதியை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

இதுவரை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை என்றால் முதல் ஒன்றிரண்டு நாளைப் பயிற்றுநரோடு கழியுங்கள். சுலபமான தடத்தில் நினைத்த இடத்தில் நிற்கத் தெரிந்த பிறகு வழிகாட்டியோடு வந்தால்தான் அந்த நாளுக்கு அர்த்தம் உண்டு.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா, எதை எடுப்பது?

ஸ்கீ தொடங்குவது எளிது, தேறுவதற்கு நாளாகும் என்பார்கள். போர்டு முதல் இரண்டு நாள் உயிரை வாங்கும், அப்புறம் மளமளவென்று வரும் என்பார்கள். நான் பார்த்தவரை இரண்டும் சரிதான். ஸ்கீயில் முகம் போகிற திசையைப் பார்க்கிறது, கால்கள் தனித்தனியாக இருக்கின்றன, கையில் கோல் இருக்கிறது. முன் நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து வால்களை விரித்து ஆப்பு மாதிரி வைத்தால் முதல் நாள் காலையிலேயே பலருக்கு நிற்க வந்துவிடும். போர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருக்கும், உடம்பு பக்கவாட்டில் நிற்கும். குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்கு மாறுகிற அந்த ஒரு நொடியில் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் சிக்கிக்கொண்டால் ஆளைத் தூக்கிக் குப்புறப் போட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் கிடையாது. முதல் நாள் போர்டுக்காரர் ராத்திரி நாற்காலியில் உட்காருகிற விதத்தைப் பார்த்தாலே தெரியும்.

போர்டில் இடது காலை முன்வைப்பவர் ரெகுலர், வலது காலை முன்வைப்பவர் கூஃபி. உங்களுக்கு எது என்று தெரிய, சாக்ஸோடு வழுவழுப்பான தரையில் ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ, பெரும்பாலும் அதுதான்.

மனிதர்கள் ஸ்கீ ஓட்டத் தொடங்கி ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. ஸ்னோபோர்டு நேற்றுப் பிறந்த பிள்ளை. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்தார். 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வந்த அந்தப் பலகைதான் இதற்கு முன்னோடி. 1998-இல் ஜப்பானின் நகானோவில் ஸ்னோபோர்டு ஒலிம்பிக்குக்குள் நுழைந்துவிட்டது. அதற்கப்புறமும் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென் என்று அமெரிக்காவில் மூன்று இடங்களில் போர்டுக்கு அனுமதி இல்லை. நண்பர்கள் கலந்து போவதானால் மலையின் விதியை முதலில் பார்த்துவிடுங்கள்.

எனக்கு எவ்வளவு தெரியும் என்று படிவத்தில் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

'நடுத்தரம்' என்று மட்டும் எழுதாதீர்கள். போன மாதம் தொடங்கியவரும் அதைத்தான் எழுதுகிறார், இருபது வருடம் ஓட்டியவரும் அதைத்தான் எழுதுகிறார். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், மொத்தம் எத்தனை நாள், எந்தத் தடத்தில் நிம்மதியாக இறங்கினீர்கள், எங்கே கால் நடுங்கியது என்று எழுதுங்கள். கால் நடுங்கிய இடம்தான் எனக்கு மிக முக்கியம்.

தடத்தின் நிறத்தைச் சொல்லும்போது மலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். உலகத்துக்கெல்லாம் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு மலையும் தன் தடங்களைத் தனக்குள் ஒப்பிட்டு நிறம் பூசிக்கொள்கிறது. ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையில் வியர்க்க வைக்கும்.

ஒருமுறை ஒருவர் 'கறுப்புத் தடம் எனக்குச் சும்மா' என்று எழுதிக் கொடுத்திருந்தார். மலை மேல் ஏற்றிப் போகும் முதல் லிஃப்ட்டுக்கு முன்னால், பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கில் காலை மாட்டினார். மாட்டவில்லை. மறுபடி மிதித்தார், மறுபடி மிதித்தார். பூட்ஸின் அடியில் பனி கட்டியாக ஒட்டியிருந்தது. கோலால் அதைத் தட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பத்து நாள் ஓட்டியவருக்குக்கூட அது கைப்பழக்கமாகியிருக்கும். அன்று காலை முழுக்க மொத்தக் குழுவும் நீலத் தடத்தில்தான் சுற்றியது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவரும் ஒரு மணி நேரம்கூடச் சந்தோஷமாக இல்லை.

பழைய முழங்கால் காயம், ஆஸ்துமா, கர்ப்பம், சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாகச் சொன்னால் போதும்.

ஸ்கீ பூட்ஸ் இவ்வளவு வலிக்குமா?

இறுக்கமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. வலிக்கிறது என்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பூட்ஸில் குறையே இருக்காது, போட்ட விதத்தில்தான் குறை. முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. குளிருக்கு இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் விறைக்கும். உள் கால்சட்டையின் நுனியைப் பூட்ஸுக்குள் விடாதீர்கள். அந்தச் சின்ன மடிப்பு மத்தியானத்துக்குள் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் கத்தி வைத்த மாதிரி அழுத்தும்.

காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். முட்டியை முன்னால் மடக்கிக்கொண்டே கணுக்கால் பக்கத்துக் கொக்கியை முதலில் மாட்டுங்கள், அப்புறம் மேலே, விரல் பக்கம் கடைசியில், அதுவும் லேசாக. நேராக நின்றால் விரல் நுனி முன்னால் உரச வேண்டும். முட்டியை மடக்கினால் விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. பூட்ஸில் 26.5 என்று போட்டிருப்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில்.

வாடகைக்கு எடுக்கும்போது எடை, உயரம், வயது, எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்பார்கள். விழுந்தால் ஸ்கீ காலை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டிய அழுத்தத்தை, இதோடு பூட்ஸ் அடியின் நீளத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் வேண்டாத நேரத்தில் கழலும். கெட்டிக்காரத்தனத்தைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால்தான் கழலும். ஸ்னோபோர்டு பைண்டிங்குக்கு இந்தக் கணக்கு இல்லை, அது விழும்போது கழலவே கழலாது. போர்டு பூட்ஸ் மெத்தென்று இருக்கும், நடக்கவும் சுகம். இந்த விஷயத்தில் ஸ்கீக்காரர்கள் பொறாமைப்படலாம்.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?

பருத்தியைத் தவிர எதுவும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லிஃப்ட்டில் உட்கார்ந்ததும் அது குளிர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் கதகதப்புக்கு ஒன்று, மேலே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் அந்தக் கணக்கும் உதவாது. ஹெல்மெட், காகிள்ஸ், நீர் புகாத கையுறை கட்டாயம். பையில் இன்னொரு ஜோடி மெல்லிய கையுறை இருக்கட்டும்.

வெயில் அடிக்குமா? உயரம் ஒத்துக்கொள்ளுமா?

மேலே போகப் போக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் முகவாயின் அடியிலும் மூக்குத் துளை ஓரத்திலும்கூடச் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். மேகம் மூடியிருந்தாலும் காகிள்ஸைக் கழற்றாதீர்கள். 2500 மீட்டருக்கு மேலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். நல்ல உடல்வலு உள்ளவருக்கும் வரும், இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. தண்ணீர் குடியுங்கள், சொல்லுங்கள். கீழே இறங்கினால் சரியாகிவிடும்.

லிஃப்ட்டில் ஏறுவதுதான் பயமாக இருக்கிறது.

நிறையப் பேருக்கு அப்படித்தான். ஸ்கீக்காரர்கள் கோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றி இரண்டு கோலையும் ஒரே கையில் பிடியுங்கள். தோளுக்கு மேலாகத் திரும்பி நாற்காலி வருவதைப் பாருங்கள், உட்காருங்கள், தடுப்புக் கம்பியை இறக்குங்கள். இறங்கும்போது ஸ்கீ நுனி மேல் நோக்கி இருக்கட்டும், எழுந்து நேராகப் போய்க்கொண்டே இருங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று கையுறையைச் சரி செய்யாதீர்கள், பின்னால் அடுத்த நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. போர்டுக்காரர்கள் பின்னங்காலைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கும்போது அந்தக் காலைப் பலகை மேல் இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை விழுந்தால் லிஃப்ட்காரர் நிறுத்துவார். அவருக்கு அது தினமும் நடப்பது.

ஸ்கீயும் போர்டும் ஒரே குழுவில் ஒத்துப்போகுமா?

போகும், வழிகாட்டி தடத்தைத் தேர்ந்தெடுத்தால். போர்டுக்காரருக்கு எதிரி செங்குத்து இல்லை, சமதளம். ஸ்கீக்காரர் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். வேகத்தை இழந்த போர்டுக்காரர் ஒரு காலைக் கழற்றி உந்திக்கொண்டே பின்னால் வர வேண்டும். அதனால் கலப்புக் குழுவில் நீளமான தட்டைப் பாதை வந்தால் நான் போர்டுக்காரர்களை முதலில் அனுப்புவேன், வேகத்தை விடாதீர்கள் என்று மேலேயே சொல்லிவிடுவேன். காலுக்கு நடுவில் குறுக்குக் கட்டையைக் கொடுத்து இழுத்துப் போகும் லிஃப்ட்டும் பக்கவாட்டில் நிற்பவருக்குக் கஷ்டம், முடிந்தால் தவிர்ப்பேன். பதிலுக்கு ஆழமான தூள்பனி இருக்கிற நாளில் போர்டு மிதந்துகொண்டு போவதை ஸ்கீக்காரர்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் போர்டு கட்ட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் காத்திருக்க மனசில்லாதவர் கலப்புக் குழுவுக்கு வரவே வேண்டாம்.

விழுந்தால் என்ன செய்வது?

விழுவீர்கள். ஸ்கீயில் விழப்போவது உறுதியென்றால் பக்கவாட்டில் விழுங்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி சமாளிக்கப் பார்ப்பதுதான் மோசம். முழங்காலின் உள்ளே இருக்கும் ஏசிஎல் தசைநார் அறுபடுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்க முயலாதீர்கள், முழுக்க நிற்கட்டும். எழும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்.

போர்டில் கையை ஊன்றாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கை தானாகப் போய் ஊன்றும், மணிக்கட்டு உடையும். விரலை மடக்கி முன்னங்கையில் விழப் பழகுங்கள். தொடங்குகிறவர்கள் மணிக்கட்டுக் காப்பு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

யாருக்காவது அடிபட்டால், அவருக்குக் கொஞ்சம் மேலே இரண்டு ஸ்கீக்களைப் பெருக்கல் குறி மாதிரி பனியில் நட்டு வையுங்கள். இறங்கி வருகிறவர்கள் விலகிப் போவார்கள், மீட்புக்காரர்களுக்கும் இடம் தெரியும்.

தடத்தில் யாருக்கு யார் வழிவிட வேண்டும்?

கீழே இருப்பவருக்கு முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும், கீழே போகிறவர் எப்படி வளைந்து போனாலும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து விதிகளில் இது முக்கியமானது. புறப்படும் முன் மேலே பாருங்கள், நிற்பதானால் ஓரத்தில் நில்லுங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைவாக உட்கார்ந்து போர்டு கட்டுவது ஆபத்து.

சீர்செய்த தடத்துக்கு வெளியே கூட்டிப் போவீர்களா?

இதற்குத்தான் வழிகாட்டி தேவை. எல்லா நாளும் போக மாட்டேன். பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வில் நடக்கின்றன. ஓட்டுவதற்கு ஆசையாக இருக்கிற சாய்வும் அதேதான். ஆட்களை மூடிய பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை அவர்களோ அவர்களுடைய குழுவினரோ காலடியில் கிளப்பிவிட்டவை. எங்கிருந்தோ தானாக வந்து விழுந்தவை குறைவு. ஆக, எங்கே போவது என்கிற முடிவுதான் உயிரைக் காக்கிறது.

ஆபத்தை 1 முதல் 5 வரை அறிவிப்பார்கள். 5 என்றால் யாரும் போக மாட்டார்கள். 3-இல்தான் நிறைய உயிர்கள் போகின்றன. நடுவில் இருக்கிற எண் என்பதால் 'பரவாயில்லை' என்று காதில் விழுகிறது. 3 என்றாலே கணிசமான ஆபத்து என்றுதான் அதன் பெயர். நேற்றைய புதுப் பனி, காற்று கொண்டுவந்து கொட்டிய மேடு, திடீரென்று ஏறிய வெப்பம், காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் நான் மனத்தை மாற்றிக்கொள்வேன்.

ஆளுக்கு ஒரு டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரை ரேடியோ அலையால் தேட உதவும் கருவி), மண்வாரி, துழாவும் கம்பி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் எல்லைக் கயிற்றைத் தாண்ட மாட்டோம். எந்த நிறுவனத்தின் டிரான்ஸீவரும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசும், ஆகவே கலந்து வைத்திருக்கலாம். செல்போன் அதைக் குழப்பும். அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டராவது, தேடும் நிலையில் 50 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதற்கப்புறம் சரசரவென்று சரியும். மீட்புக் குழு அவ்வளவு சீக்கிரம் வந்து சேராது. பக்கத்தில் இருக்கிற நீங்கள்தான் தோண்ட வேண்டும். அதனால்தான் காலையில் அரை மணி நேரம் டிரான்ஸீவரைப் புதைத்து வைத்துத் தேடச் சொல்கிறேன். அது சடங்கு இல்லை, எனக்கு நீங்கள் தேடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். புதைவது நானாகவும் இருக்கலாமே!

மரங்களுக்கு நடுவே ஓட்டும்போது இன்னொன்று. ஊசியிலை மரத்தின் கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றிப் பனி தளர்வாக, கிணறு மாதிரி இருக்கும். தலைகீழாக விழுந்தவர் தானாக ஏற முடியாது. பக்கத்து ஆளைக் கண்ணை விட்டு விலகவிடாதீர்கள், குரல் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள்.

மூடுபனி வந்தால்?

மேகம் இறங்கினால் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். நிழல் இல்லாததால் முன்னால் மேடா பள்ளமா தெரியாது. நகர்கிறோமா நிற்கிறோமா என்பதே சந்தேகமாகி வாந்தி வருகிறவர்களும் உண்டு. அப்போது மரங்கள் இருக்கிற சரிவுக்கு இறங்கிவிடுவோம், கறுத்த தண்டுகள் கண்ணுக்குப் பிடிமானம். மஞ்சள் அல்லது ரோஸ் நிறக் கண்ணாடி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அடர்நிறக் கண்ணாடி அன்றைக்கு உதவாது.

வழிகாட்டி திரும்பலாம் என்கிறார், எனக்கு உடன்பாடில்லை. வாதாடலாமா?

காரணம் கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள். தள்ளிக்கொண்டு போக முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு: குழுவில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் நான் திரும்புவேன், அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் சரி என்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டு வருகிறவர்தான் எனக்குக் கவலை.

நாள் முடிகிற நேரத்தில் 'இன்னும் ஒரே ஒரு தடவை' கிடைக்குமா?

இது தினமும் மூன்றரை மணிக்கு வரும் கேள்வி. வெளிச்சம் தட்டையாகி, மத்தியானம் இளகிய பனி மறுபடி இறுகத் தொடங்கியிருக்கும், தொடையில் தெம்பு இருக்காது. நின்ற இடத்தில் முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து இருபது எண்ணச் சொல்வேன். தொடை நடுங்கினால் கிடையாது. மேலே போனபிறகு நடுங்கினால் அதற்கும் வழி உண்டு: கடைசி லிஃப்ட் நிற்பதற்குள் சொல்லிவிட்டால் அதிலேயே உட்கார்ந்து கீழே வந்துவிடலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். நானே எத்தனையோ நாள் அப்படி இறங்கியிருக்கிறேன், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு.